வார்டு 1 முதல் 78 வரை: வடசென்னை மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று ஆறு மண்டலங்களில் எழுபத்தெட்டு வார்டுகள். இருநூறு பேர் கொண்ட ரிப்பன் மாளிகை மன்றத்தில் நீங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கட்சி எதுவாக இருந்தாலும், எழுபத்தெட்டுப் பேரும் ஒரே விஷயத்தைக் கேட்டால் யாராலும் தட்டிக்கழிக்க முடியாது. அதனால்தான் ஆணையருக்கோ முதலமைச்சருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். விஷயம், போலீஸ்.

"போலீஸ் எங்க கையில இல்லீங்களே" என்பீர்கள். சட்டப்படி சரிதான். ஆனால் உங்கள் கையில் போன் இருக்கிறது. தெருவில் ஒரு பையனை இரவில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் அவன் அம்மா முதலில் ஓடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான், வக்கீல் வீட்டுக்கு இல்லை. நீங்கள் இன்ஸ்பெக்டரிடம் பேசுகிறீர்கள். சில நேரம் நல்லதுக்கு, சில நேரம் வேண்டியவர்களுக்கு. கடைக்காரர் தகராறு, வாடகைத் தகராறு, கோயில் திருவிழா பந்தோபஸ்து எல்லாம் அந்த போனிலேயே முடிகிறது. யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதே இன்ஸ்பெக்டரைப் பொதுமக்கள் முன்னால் உட்காரவைத்து, "இந்த மூன்று மாதத்தில் எங்கள் வார்டில் எத்தனை வழிப்பறி, எத்தனையில் எப்.ஐ.ஆர். போட்டீர்கள்?" என்று கேட்க உங்களுக்கு ஒரு கூட்டம் இல்லை.

போன் இருக்கிறது, கூட்டம் இல்லை. இதைத் தலைகீழாக்குங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எல்லைக் கதை. எண்ணூரில் ஒருவர் வீடு வைத்திருக்கிறார். சொத்து வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு. 2018இல் வட்டங்களைச் சேர்த்த பிறகு வருவாய்க் கணக்கில் அவர் சென்னை மாவட்டம். ஆனால் அவர் வீட்டில் திருட்டுப் போனால் வருகிற போலீஸ் சென்னை போலீஸ் இல்லை. எண்ணூர், மணலி, மணலி புதுநகர், சாத்தாங்காடு எல்லாம் 2022 ஜனவரி 1 முதல் ஆவடி ஆணையரகம். மணலி உங்கள் மாநகராட்சியின் இரண்டாவது மண்டலம், அதன் போலீஸுக்குத் தலைமை ஆவடியில். பக்கத்து மண்டலமான திருவொற்றியூரிலோ பாதி ஊர் சென்னை ஆணையர் அலுவலகம் இருக்கும் வேப்பேரி பக்கம், மீதி ஆவடி பக்கம்.

இது முதல் தடவையும் இல்லை. 2008இல் புறநகர் காவல் ஆணையரகம் என்று ஒன்றைப் பிரித்தார்கள். 2011இல் திரும்பச் சேர்த்தார்கள். அதே 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அப்போதாவது இரண்டு வரைபடங்களும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. பத்து வருடம் கழித்து மறுபடி பிரித்தபோது, பிரிக்கவேண்டிய காரணம் நியாயமானதுதான்: ஊர் பெருத்துவிட்டது, ஒரே ஆணையரால் முடியாது. ஆனால் கோடு போட்டவர்கள் மாநகராட்சி மண்டலக் கோட்டைப் பார்த்துப் போட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் குழப்பத்தில் பாதி இருக்காது. அந்த நேரத்தில் உங்களைக் கேட்டிருக்கவும் முடியாது. 2016இலிருந்து 2022 மார்ச் வரை மாமன்றமே கிடையாது, தனி அதிகாரி ஆட்சி.

காகிதத்தில் இருக்கும் கோடு நடைமுறையில் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் துறைமுகம் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிச் சில்லறை வாங்க நின்றவள் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு பைக்கில் இருவர் போய்விட்டார்கள். துணைக்கு நான் போனேன். ஸ்டேஷனில் ரைட்டர் பொறுமையாகத்தான் கேட்டார். பேரு, ஊரு, போன் மாடல், பில் இருக்கா, ஐ.எம்.இ.ஐ. நம்பர் இருக்கா, எல்லாம் கேட்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "நீ நின்னது பாலத்துக்கு இந்தப் பக்கமாம்மா, அந்தப் பக்கமா?" என்றார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆட்டோ எங்கே நிறுத்துகிறதோ அங்கேதானே இறங்க முடியும்? "டீக்கடை இருக்குமே, அங்க" என்றாள். "அப்போ அது எங்க லிமிட்டு இல்ல. பெரியவரே, நீங்க கூட்டிக்கினு அந்த ஸ்டேஷனுக்குப் போங்க." அந்த ஸ்டேஷனில் இன்னொரு ரைட்டர், அதே கேள்விகள், அதே பேனா. கடைசியில் கிடைத்தது, புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. அதுவும் போன் 'தொலைந்துவிட்டது' என்று. பிடுங்கினார்கள் என்று எழுதினால் வழக்கு, தொலைந்தது என்று எழுதினால் வெறும் ரசீது. மாதக் கணக்கில் அந்தப் பகுதி ஓர் எண்ணிக்கை குறைந்து அமைதியாகத் தெரியும்.

சட்டம் இதற்கு இடம் தருகிறதா என்றால், இல்லை. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்கிறது. 'ஜீரோ எப்.ஐ.ஆர்.' என்று முன்பே இருந்த பழக்கத்தைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். அதைப் பற்றி விளம்பரப் பலகை வைத்த ஸ்டேஷன்கள் உண்டு. பலகைக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு "லிமிட்டு இல்ல" என்று சொல்வதும் உண்டு.

வடசென்னையின் தனிச்சிறப்பு என்னவென்றால் இங்கே சீருடைகள் அதிகம். தென்சென்னைக்காரர் ஒருவருக்கு போலீஸ் என்றால் சட்டம் ஒழுங்கு, குற்றப்பிரிவு, போக்குவரத்து என்று மூன்றோடு முடிந்துவிடும். நமக்கு அப்படியா? துறைமுகத்துக்குள் போனால் மத்திய தொழிற்பாதுகாப்புப் படை. கடலில் போனால் மாநிலக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். கொருக்குப்பேட்டை யார்டில் சரக்கு பெட்டியைத் தொட்டால் ரயில்வே பாதுகாப்புப் படை, அது டெல்லிக்குக் கட்டுப்பட்டது. அதே ரயிலில் பயணிக்கு ஏதாவது நடந்தால் ரயில்வே போலீஸ், அது தமிழ்நாடு அரசு. கும்மிடிப்பூண்டி லோக்கலில் வாசலோரம் நின்று போன் பேசியவர் கையைத் தண்டவாளத்து ஓரத்திலிருந்து கம்பால் தட்டிப் போனை விழவைக்கிற வேலை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தட்டுகிறவன் நிற்பது குடிசைக்குப் பின்னால், நகர போலீஸ் எல்லையில். தட்டுப்பட்டவர் இருப்பது ரயில்வே போலீஸ் எல்லையில். போன் விழுந்து கிடப்பது ரயில்வே நிலத்தில். வழக்கு யாருடையது என்று இதற்குள் உங்களுக்கே தலை சுற்றியிருக்கும். அவர் இறங்கிப் புகார் கொடுக்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும், அதனால் கொடுப்பதில்லை.

இதற்கு மேல் மகளிர் காவல் நிலையம். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் ஆயிரம் விளக்கில் வந்தது, பெருமையான விஷயம். ஆனால் ஒரு மகளிர் நிலையம் பல ஸ்டேஷன் எல்லைகளைச் சேர்த்துப் பார்க்கும். போக்குவரத்துக் காவலுக்கு எல்லை வேறு. எச்-1 வண்ணாரப்பேட்டை, எச்-5 புது வண்ணாரப்பேட்டை, எச்-6 ஆர்.கே. நகர், எச்-8 திருவொற்றியூர், என்-1 ராயபுரம், என்-2 காசிமேடு, பி-3 வியாசர்பாடி, பி-6 கொடுங்கையூர் என்று எழுத்தும் எண்ணும் நமக்கு மனப்பாடம். பி-6 என்றால் கொடுங்கையூர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். ஆனால் "உங்க வார்டு எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டால் ஒரு வார்டுக்கு மூன்று பதில் வரும். உங்களில் எத்தனை பேர் தயங்காமல் சொல்வீர்கள் என்று எனக்குச் சந்தேகம்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். காவலர், ஏட்டு, உதவி ஆய்வாளர், ஆய்வாளர். அவருக்கு மேலே உதவி ஆணையர், அதற்கு மேலே காவல் மாவட்டத்துக்குத் துணை ஆணையர். வண்ணாரப்பேட்டை, பூக்கடை, புளியந்தோப்பு என்று நாம் கேள்விப்படுவது இவர்களின் மாவட்டங்கள். அதற்கு மேல் இணை ஆணையர், கூடுதல் ஆணையர், ஆணையர், பிறகு டி.ஜி.பி., உள்துறைச் செயலர். ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவருக்குப் பதில் சொல்கிறார். பக்கவாட்டில் யாருக்கும் பதில் சொல்வதில்லை. 'சென்னை பெருநகர காவல்' என்ற பெயரில் நகரம் இருக்கிறது, நகராட்சி இல்லை. 1856இல் ஆணையர் பதவி வந்தபோதும் சரி, 1888இன் நகர காவல் சட்டம் வந்தபோதும் சரி, அது அரசாங்கத்தின் போலீஸ். வெள்ளைக்காரன் நகர மக்களை நம்பாததில் ஆச்சரியம் இல்லை. சுதந்திரம் வாங்கியும் அதே ஏணியை அப்படியே வைத்திருப்பதுதான் ஆச்சரியம்.

மேலே மட்டும் பதில் சொல்லும் அமைப்பில் பொறுப்பேற்பு என்றால் இடமாற்றம். 2024 ஜூலை 5 மாலை பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரும் ஒரு காலத்தில் உங்களைப்போல் இந்த மாநகராட்சியின் கவுன்சிலர். மூன்றாம் நாள் ஆணையரை மாற்றினார்கள். சரி, மாற்றினார்கள். பெரம்பூரில் அதற்கு முந்தைய மாதங்களில் ரோந்து எப்படி இருந்தது, உளவுத் தகவல் வந்ததா, வந்தும் தவறவிட்டார்களா என்று அந்தப் பகுதியின் மக்கள் பிரதிநிதிகள் யாராவது உட்கார்ந்து கேட்டார்களா? கேட்க இடமே இல்லை. சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை வரும்போது மாநிலம் முழுமைக்கும் சேர்த்துச் சில மணி நேரம். அதில் நம் தெருவுக்கு எத்தனை நொடி?

பழைய மதராஸில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. ஜார்ஜ் டவுனின் மேற்குப் பாதியான பெத்தநாயக்கன்பேட்டை, பெத்த நாயக் என்ற பரம்பரைக் காவல்காரரின் பெயரில் இருக்கிறது. தலையாரிகளை வைத்துப் பட்டணத்தைக் காவல் காப்பது அவர் பொறுப்பு. பதிலுக்கு நிலமும் சரக்குகள் மீது சிறு வரிகளும். களவு போனால் அவர் ஈடு கட்ட வேண்டும் என்பது உடன்படிக்கை. அந்தக் காலம் திரும்ப வரவேண்டும் என்று சொல்லவில்லை, பரம்பரைக் காவலில் இருந்த அநியாயங்களும் தெரியும். ஆனால் திருட்டுப் போன பொருளுக்கு இந்தப் பட்டணத்துக்காரனிடமே பதில் சொல்லவேண்டிய காவல் முந்நூறு வருடத்துக்கு முன்னால் இதே கந்தக்கோட்டம் பக்கத்தில் இருந்தது என்பதையாவது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் பங்கு. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் போலீஸ் மாநிலப் பட்டியலில் இரண்டாவது பதிவு. நகராட்சிகளுக்காக 74ஆம் திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாம் அட்டவணையில் பதினெட்டு வேலைகள், அவற்றில் போலீஸ் இல்லை. தீயணைப்பு கூட இருக்கிறது, போலீஸ் இல்லை. ஆனால் அதே அட்டவணையில் தெரு விளக்கு இருக்கிறது, வாகன நிறுத்தம் இருக்கிறது, பேருந்து நிறுத்தம், பொதுக்கழிப்பிடம் எல்லாம் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண் பயமில்லாமல் நடக்கிறாளா என்பதில் முக்கால்வாசி இந்த நாலு ஐட்டத்தில்தான். விளக்கு எரியாத தெருவில் ரோந்து வண்டி என்ன செய்யும்? பைக்கிலிருந்து இறங்காமல் ரோந்து வந்ததைக் குறிக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு சாயங்காலம் நில்லுங்கள். துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, சில இடத்தில் இரண்டு வரிசையாக. டிரைவர் வண்டிக்கு அடியில் துணி விரித்துப் படுத்திருப்பார், அவருக்கும் வேறு போக்கிடம் இல்லை. லாரிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு முழ இடத்தில் பள்ளிப் பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும். கேட்டால் போக்குவரத்து போலீஸ் துறைமுகத்தைக் காட்டும். துறைமுகம் சுங்கத்தைக் காட்டும். மாநகராட்சி "ரோடு எங்களுது இல்ல" என்னும். லாரி நிறுத்த இடம் தருவது யார், விளக்கு போடுவது யார், அபராதம் போடுவது யார் என்று மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்த மேஜைதான் இல்லை.

கேமரா கதையும் இதுதான். சில வருடங்களுக்கு முன்னால் 'மூன்றாவது கண்' என்று கடைக்காரர்களிடமும் குடியிருப்புச் சங்கங்களிடமும் பணம் திரட்டித் தெருத்தெருவாக சி.சி.டி.வி. மாட்டினார்கள். பல வழக்குகளில் அது உதவியது, மறுக்கவில்லை. இப்போது எங்கள் முக்கில் உள்ள கேமரா வயர் அறுந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாட்டச் சொன்னது போலீஸ், வாங்கித் தந்தது கடைக்காரர், கம்பம் மாநகராட்சியுடையது, கரண்ட் மின்வாரியம். பழுது பார்ப்பது யார் என்று யாருமே எழுதிவைக்கவில்லை.

2023 டிசம்பரில் எண்ணூர் பட்ட பாட்டை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தையும் படகுகளையும் நாசமாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பம் கடலோரத்தில் அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். போலீஸ் ஆவடிக்குக் கட்டுப்பட்டது, மாநகராட்சி ரிப்பன் மாளிகைக்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தனி. அந்த ராத்திரி வீட்டைவிட்டு எந்தத் திசையில் ஓடவேண்டும் என்று சொல்ல ஒலிபெருக்கியோடு ஒருவர் வேண்டும். அது யார் வேலை என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்திருக்க வேண்டிய இடம், உங்கள் மண்டலக் கூட்டம்.

வேறு எங்காவது இதற்கு வழி செய்திருக்கிறார்களா என்று தேடிப் படித்தேன். கனடா உதாரணம் நமக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது, அங்கேயும் மாகாணத்துக்கு ஒரு மாதிரி. ஒன்டாரியோவில் டொரொன்டோ, பீல், யார்க் போன்றவற்றுக்குச் சொந்த போலீஸ். சொந்தமாக வைத்துக்கொள்ளாத ஊர்களையும் மாகாண நெடுஞ்சாலைகளையும் 1909இல் தொடங்கிய ஒன்டாரியோ மாகாண போலீஸ் பார்த்துக்கொள்கிறது. கெபெக், ஒன்டாரியோ தவிர்த்த மாகாணங்களில் பெரும்பாலும் மத்திய அரசின் போலீஸான ஆர்.சி.எம்.பி.யையே ஒப்பந்தம் போட்டு மாகாண போலீஸாக வைத்திருக்கிறார்கள்; செலவில் எழுபது விழுக்காடு மாகாணம், முப்பது மத்திய அரசு. பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளவும் செய்கிறார்கள். சர்ரே நகரத்தில் பல வருடச் சண்டைக்குப் பிறகு 2024 நவம்பரில் ஆர்.சி.எம்.பி.யிடமிருந்து பொறுப்பு நகரத்தின் சொந்த போலீஸுக்கு மாறியது.

டொரொன்டோவில் போலீஸுக்கு மேலே ஒரு வாரியம். ஏழு பேர்: மேயர் அல்லது அவர் அனுப்புபவர், இரண்டு கவுன்சிலர்கள், மாமன்றம் நியமிக்கும் ஒரு குடிமகன், மாகாணம் நியமிக்கும் மூவர். தலைமை அதிகாரியை நியமிப்பது அவர்கள். கொள்கையும் பட்ஜெட்டும் அவர்களிடம் போகும். கூட்டம் பொதுமக்கள் முன்னால் நடக்கும், யாரும் பெயர் கொடுத்துப் பேசலாம். தமிழர் நிறைய வாழும் ஸ்கார்பரோவின் 41, 42, 43ஆம் பிரிவு ஸ்டேஷன்களும் இந்த வாரியத்தின் கீழ்தான். இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அவர்களின் புதிய சட்டம், வாரிய உறுப்பினர் எதைச் செய்யக்கூடாது என்றும் சொல்கிறது: குறிப்பிட்ட ஒரு விசாரணையில், குறிப்பிட்ட ஒரு நடவடிக்கையில் தலையிட்டு உத்தரவு போடக்கூடாது. அதாவது நம் ஊரில் போனில் நடப்பது அங்கே தடை. நம் ஊரில் இல்லாத கூட்டம் அங்கே கட்டாயம்.

வாரியம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணவேண்டாம். 2010 ஜூனில் ஜி-20 மாநாட்டின்போது டொரொன்டோவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து அடைத்தார்கள். வாரியம் முன்கூட்டியே கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை என்று 2012இல் நீதிபதி மார்டனின் ஆய்வு சொன்னது. உட்கார்ந்திருக்கிற ஆள் வாய் திறக்காவிட்டால் நாற்காலியால் பயன் இல்லை. ஆனால் அப்படி ஒரு ஆய்வு வாரியத்தைப் பார்த்துக் குற்றம் சொல்ல முடிந்தது பாருங்கள். இங்கே குற்றம் சொல்லக்கூட ஆள் இல்லை.

நமக்கு இன்னும் நெருக்கமானது கெபெக். சிறிய ஊர்களுக்கு அங்கே மாகாண போலீஸ்தான், சூர்தே து கெபெக். நம் போலீஸைப் போலவே அது மேலே பதில் சொல்வது. இருந்தும் ஒவ்வொரு வட்டாரத்திலும் பொதுப் பாதுகாப்புக் குழு ஒன்று சட்டப்படி உண்டு. உள்ளூர் மன்ற உறுப்பினர்கள் அதில் இருப்பார்கள். ஸ்டேஷன் தலைவரும் இருப்பார், ஆனால் அவருக்கு ஓட்டு கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். போலீஸ் மாகாணத்தின் சொத்தாகவே இருக்கட்டும், மாமன்றத்துக்குச் சொந்த போலீஸ் வேண்டாம். கணக்குக் கேட்கிற ஒரு மேஜை போதும். இதற்கு அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

"கவுன்சிலர்களை போலீஸ் மேல் உட்காரவைத்தால் ரவுடி ராஜ்யம்தான்" என்று எங்கள் டீக்கடையிலேயே சொல்கிறார்கள். உங்கள் முன்னால் அதை மறைத்து என்ன பயன்? வழக்கு இருப்பவர்களும் கவுன்சிலராகிறார்கள். ஆனால் அவர்களின் செல்வாக்கு இப்போதே ஸ்டேஷனுக்குள் இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது. கேமரா முன்னால், குறிப்பேடு எழுதும் கூட்டத்தில், எதிர்க்கட்சிக் கவுன்சிலரும் இரண்டு நிருபர்களும் பக்கத்தில் இருக்கும்போது, "என் ஆளை விடு" என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு தனி வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது என்று முதல் கூட்டத்திலேயே விதி போட்டுக்கொள்ளுங்கள். போலீஸுக்கும் அது நல்லது. சிறார் மன்றம் நடத்திப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் காவலர்கள் வடசென்னையில் இருக்கிறார்கள், புயல் மழையில் இடுப்பளவு தண்ணீரில் முதியவர்களைத் தூக்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆள் பற்றாக்குறையை, ஓய்வில்லாத பந்தோபஸ்து வேலையைச் சொல்லவும் இப்போது இடமில்லை.

நன்னடத்தைப் பிணை விஷயம் ஒன்று போதும், எவ்வளவு பேசவேண்டியிருக்கிறது என்று காட்ட. வருடக்கணக்கில் துணை ஆணையர்களே நிர்வாக நடுவர்களாக இருந்து, நம் பகுதிப் பையன்களிடம் பிணை எழுதி வாங்கி, மீறினார்கள் என்று தாங்களே சிறைக்கு அனுப்பிவந்தார்கள். பிடிப்பவரே தீர்ப்பும் சொல்வதா என்று கேள்வி வந்து, அந்த அதிகாரம் கொடுத்த அரசாணைகளை 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதுவரை அந்தப் பையன்களின் வீடு இருக்கும் எந்த வார்டிலும் இதைப் பற்றி ஒரு கேள்வி எழவில்லை.

நான் கேட்பது இதுதான். மண்டலக் குழுக் கூட்டத்துக்குக் குடிநீர் வாரியப் பொறியாளரையும் மின்வாரியப் பொறியாளரையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறீர்கள் அல்லவா? மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே கூட்டத்துக்கு அந்த மண்டலத்தின் உதவி ஆணையர்களையும் போக்குவரத்து ஆய்வாளர்களையும் மகளிர் நிலைய ஆய்வாளரையும் அழையுங்கள். மணலியும் திருவொற்றியூரும் என்றால் வேப்பேரிக்கும் ஆவடிக்கும் இரண்டு கடிதம் போடுங்கள். வரவேண்டும் என்று கட்டாயப்படுத்த உங்களுக்கு அதிகாரம் இல்லை, தெரியும். அழைத்தும் வரவில்லை என்று குறிப்பேட்டில் ஏறட்டும். இரண்டு முறை ஏறினால் மூன்றாம் முறை வருவார்கள். 2022இல் வார்டு குழுவும் ஏரியா சபையும் விதிகளோடு வந்தன, அந்த நவம்பர் 1ஆம் தேதி முதல் சபைகளும் நடந்தன. ஏரியா சபையில் குப்பையும் சாக்கடையும் பேசுகிறோம். பக்கத்தில் ஸ்டேஷன் அதிகாரி ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள்.

இன்னொன்று உடனே செய்யக்கூடியது, செலவும் சொற்பம். ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் ஒரு படம் ஒட்டுங்கள். எந்தத் தெரு எந்த ஸ்டேஷன், எந்த மகளிர் நிலையம், எந்தப் போக்குவரத்து நிலையம், ரயில் என்றால் யார், கடல் என்றால் யார். கீழே பெரிய எழுத்தில், எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்ற 173ஆம் பிரிவு.

மூன்றாவது கொஞ்சம் கடினம். போலீஸ் மீதான புகாரைக் கேட்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் ஆணையம் வேண்டும், அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை தாங்கவேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22இல் சொன்னது. தமிழ்நாடு 2013இல் கொண்டுவந்த சீர்திருத்தச் சட்டம் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலரையே தலைவராக்கியது. போலீஸை நடத்துகிற துறையிடமே போலீஸைப் பற்றிப் புகார். இதை மாற்றவேண்டும் என்றும், காவல் எல்லைகளை மாநகராட்சி மண்டலங்களோடு பொருத்தவேண்டும் என்றும் மாமன்றத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மேயரும் திரு.வி.க. நகர்க்காரர், எழுபத்தெட்டுக் கையெழுத்தோடு வந்தால் அவரால் ஓரம் வைக்க முடியாது.

தீர்மானத்தின் வரைவையும் ஒரு வார்டுக்கான மாதிரிப் படத்தையும் இந்த மடலோடு ஆறு மண்டல அலுவலகங்களின் தபால் பிரிவிலும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்கிறேன். மாதிரிப் படத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் டீக்கடை வரும் இடத்தில் மட்டும் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். உங்கள் வார்டு பொறியாளரும் இரண்டு ஸ்டேஷன் ரைட்டர்களும் சேர்ந்து வந்து அளந்து சொன்னால் அதை நிரப்பிவிடலாம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை மண்டலத்தின் வாக்காளர் ஒருவர்